நட்சத்திரம் போட்ட பிள்ளைகள்

செவல்மேட்டில் ஆளுக்கொரு பிள்ளையின் பிறப்பை நெஞ்சில் சுமந்துகொண்டு நாங்கள் எட்டு மாதம் திரிந்ததைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் யாரிடம் கேட்டாலும் அதை அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட சமயம் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான் மேலத்தெருப் பாலம் இடிந்தது, அந்தச் சமயத்தில்தான் கருவாட்டுக்காரர் மகள் ஓடிப்போனாள் என்று மற்ற சங்கதிகளுக்கு நாள் குறிக்க அது உதவுகிறதே தவிர, எப்படி நடந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நானும் உடைத்துக்கொள்ளப் போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வடிவக்காவைப் பற்றித்தான்.

குருவம்மாள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அந்தக் கம்ப்யூட்டர் எண்பத்தொன்பதாம் வருஷம் வந்தது. டாக்டரம்மா அதை மெட்ராஸிலிருந்து வாடகைக் காரில், மேடு பள்ளத்தில் குலுங்காமல் இருக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணன் மகன் ஒருவர், அந்தக் காலத்திலேயே அந்தப் படிப்பைப் படித்தவர், பத்து நாள் தங்கி, பிறக்கிற பிள்ளைகளைப் பதிந்து வைக்க ஒரு டேட்டாபேஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கூடை மாம்பழம் வாங்கிக்கொண்டு கனடாவுக்குப் போனார், போனவர் போனவர்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆணா பெண்ணா, என்ன எடை, எந்த நாள், எத்தனை மணி, தாய் யார், தகப்பன் யார், பிரசவம் பார்த்தது யார், வீட்டுக்குப் போன தேதி என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பேர் விட்டதும், வீட்டுக்காரர் யாராவது ஒரு பொட்டலம் சீனியோடு வந்து பேரைச் சொல்லிவிட்டுப் போவார்கள், காலியாக விட்டிருந்த பெயர்க் கட்டம் அன்றைக்கு நிரம்பும். இருபது வருஷத்தில் பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு பிள்ளைகள். பேரூராட்சியின் பழைய பதிவேடுகள் ஒரு வெள்ளத்தில் கூழாகிப் போயிருந்ததால், பாஸ்போர்ட்டுக்கும் பென்ஷனுக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் அங்கேதான் போய் நின்றோம். எங்கள் ஊரில் ஒருவன் பிறந்தான் என்பதற்கு அவன் எதிரே வந்து நிற்பது சாட்சியில்லை, வடிவக்காவின் திரையில் அவன் பச்சையாகத் தெரிவதுதான் சாட்சி.

முழுப்பேர் சண்முகவடிவு. முதல் நாளிலிருந்து அந்த எந்திரத்தைத் தொட்டவள் அவள் ஒருத்திதான். கறாரான ஆள். பெற்ற தாயே வந்து, என் மகன் சித்திரை மாதம் பிறந்தான், எனக்குத் தெரியாதா என்று அழுதாலும், தாய் சொல்வதை வைத்து நான் அடிக்க மாட்டேன், பதிவில் இருப்பதைத்தான் அடிப்பேன் என்று சொல்லிவிடுவாள். ஒருத்தருடைய நினைப்பு பதிவு ஆகாது, இன்னொருத்தர் பார்த்து ஆமாம் என்று சொல்ல முடிந்தால்தான் பதிவு என்பது அவள் கட்சி. இதற்காக அவளை ஊரில் திட்டாத தாய்மார்கள் குறைவு.

அந்த டேட்டாபேஸில் ஒரு பதிவை நீக்கினால் அது போய்விடாது. அதன் தலைமாட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். கூட்டிச் சொல்லும்போது எந்திரம் அதைத் தாண்டிப் போகும், ஆனால் அது இருந்த இடத்தில் இருந்துகொண்டே இருக்கும். மாதக் கடைசியில் 'பேக்' என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நட்சத்திரம் போட்டதெல்லாம் அடியோடு அழிந்து, கீழே இருப்பவை மேலே ஏறிவந்து அந்த இடங்களை நிரப்பிக்கொள்ளும். பேர் விடுவதற்குள் இறந்துபோகிற பிள்ளைகளுக்கு நட்சத்திரம் போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி நடைமுறை. நட்சத்திரம் போட்டாள், ஆனால் 'பேக்' கட்டளையை வடிவக்கா இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் மொத்தமும் போய்விடும் என்று டாக்டரம்மாவிடம் சொல்வாள். முதல் நாலு வருஷம் அப்படிச் சொன்னது பயத்தில், தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு சொன்னது பொய்.

அந்த வருஷம் ஆவணியில் அவளுக்குப் பெண் பிறந்து நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் கண் விழிக்குமுன் புருஷன் கோயில்பிச்சை அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ அடக்கம் செய்துவிட்டு வந்தார், எங்கே என்று சாகும்வரை சொல்லவில்லை. நாற்பது நாள் கழித்து அவள் வேலைக்கு வந்து உட்கார்ந்தபோது, அவள் இல்லாத நாட்களின் நோட்டு மேஜைமேல் காத்திருந்தது. வேறு யாருக்கும் அந்த எந்திரத்தைத் தொடத் தெரியாததால், தன் பிள்ளையைத் தானே பதிந்து, நட்சத்திரத்தையும் தானே போட்டாள். அதற்குப் போட்டோ இல்லை, பேர் இல்லை, மண் எங்கே என்று தெரியாது. அப்புறம் அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளை இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்றாவது வரி ஒன்றுதான்.

டாக்டரம்மா காலமாகி ஆஸ்பத்திரி மூடிய பிறகும் பத்துப் பதினைந்து வருஷம் வடிவக்கா சான்று அடித்துக் கொடுக்க அங்கே போய்வந்தாள், அப்புறம் கட்டடம் கைமாறியது. வாங்கியவர், அடுத்த புரட்டாசி முடிவதற்குள் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும் என்று தாக்கல் அனுப்பினார். கம்ப்யூட்டருக்கும் வயதாகிவிட்டது. வடிவக்கா அதைப் பார்த்துக்கொள்ள ஆளும், அதில் உள்ளதை எடுத்து வைக்க இடமும் தேடி ஊர் ஊராக எழுதினாள், போன் போட்டாள். சென்னையில் ஒரு கம்பெனியில், அந்த சாப்ட்வேரைச் செய்தவர்களே அதைக் கைகழுவி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாங்களெல்லாம் அப்போது பால்குடிப் பிள்ளைகள் என்று சிரித்தார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் இப்போது எல்லாவற்றையும் மேகத்தில் வைத்துவிடுகிறோம் என்றார். மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்கிற அளவுக்கு வடிவக்கா வெள்ளந்தி இல்லை, எதில் எடுத்து மேகம்வரை கொண்டுபோவீர்கள் என்று கேட்டாள், ஏனென்றால் எந்திரத்துக்கு இருந்த ஒரே வாசல் அகலமான பழைய பிளாப்பி நுழைகிற வாய், அதிலும் பூஞ்சை பிடித்திருந்தது. மதுரையிலிருந்து ஒருவர் மட்டும் நேரிலேயே வந்து, திருகாணிகளைக் கழற்றிப் பார்த்து, முடியும் என்றார். நீக்கின பதிவுகளையெல்லாம் முதலில் துடைத்துவிட்டால் வேலை சுலபம் என்றும் சொன்னார். வடிவக்கா அவருக்குச் சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றி அனுப்பிவைத்தாள்.

தை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு எந்திரம் உள்ளுக்குள் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதே பத்தேகாலுக்கு, பஜாரில் கடிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த தபால்காரர், விலாசத்தை வாசிப்பதற்குப் பதிலாக, ஆண், மூன்று கிலோ நூறு, வெள்ளிக்கிழமை காலை நாலு பத்து, தாய் பேர் பிரமு, தகப்பன் பேர் குட்டியாபிள்ளை என்று வாசித்தார். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த டீச்சர், எட்டேழு ஐம்பத்தாறு, பெண், இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று தொடர்ந்தார். பஞ்சர் ஒட்டுகிறவர், வெற்றிலை கிள்ளுகிறவர், ரேஷன் வரிசையில் நின்றவர்கள், கழுத்துவரை சோப்பு நுரையோடு முடிதிருத்தும் நாற்காலியில் இருந்தவர் என்று ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கு ஒரு பிள்ளையாக வந்து இறங்கியிருந்தது. ஆடுமாடுகளுக்கு வரவில்லை, பேரூராட்சித் தலைவருக்கு மட்டும் இரண்டு வந்தது. எனக்கு வந்தது, சாக்கடை விஷயமாக என்னோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் மூத்த மகன்.

முதல் இரண்டு நாள் பித்தம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்தோம். மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்று கேட்டு வந்த ஒரு பையனிடம் வடிவக்கா, எந்திரம் நின்றுபோச்சு, உன் பிறப்பு யாரிடம் இருக்கிறதோ தேடிக் கூட்டிவா என்று சொல்லி அனுப்பினாள். அவன் தெருத்தெருவாகக் கேட்டு, கடைசியில் சலவைக்காரர் ஒருவரின் நெஞ்சில் தன்னைக் கண்டுபிடித்தான். அதிலிருந்து எங்கள் ஊர் அதைப் புழங்கக் கற்றுக்கொண்டது. வடிவக்கா பெரிய நோட்டு ஒன்றில், எந்த எண் எந்தத் தெருவில் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தாள். கல்யாணத் தரகர்கள் பெண்ணின் வயதைப் பெண் வீட்டில் கேட்பதை விட்டுவிட்டு, அவள் பிறப்பு தங்கியிருக்கிற வீட்டில் போய்க் கேட்டார்கள், அதில் நாலு சம்பந்தம் முறிந்தது. தலைமையாசிரியர் ஒருவருக்குச் சொன்ன வயதைவிட இரண்டு வயது கூடுதல் என்று கோழிக்கடைக்காரர் மூலம் வெளியே வந்தது. நானும் என் பக்கத்து வீட்டுக்காரரும், இரண்டு கிலோ எழுநூறு எடையில் நீலம் பாரித்துப் பிறந்து அப்புறம் அழுத ஒரு பிள்ளையைப் பற்றி வேலிக்கு மேலாகப் பேச ஆரம்பித்தோம்.

சிக்கல்களும் இருந்தன. யார் பேப்பரில் எழுதினாலும், சொல்லும்போது தெளிவாக இருந்தது எழுதும்போது அந்தப் பழைய எந்திரத்து எழுத்தாகி, கொக்கியும் சுழியுமாக, ஒருவருக்கும் புரியாமல் விழுந்தது. முழுசையும் இன்னொருவரிடம் வாய்விட்டு ஒப்பித்து, அவர் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிவிட்டால், சொன்னவரிடமிருந்து அது போய்விடும், கேட்டவரிடம்தான் இருக்கும். அரைகுறையாகச் சொன்னால் போகாது. ஆக எந்தப் பிள்ளையையும் இரண்டு இடத்தில் வைக்க வழியில்லாமல் இருந்தது. வெளியூருக்குப் போகிறவர்கள் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், படுக்கையில் விழுந்தவர்கள் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும் என்று பேரூராட்சியில் தீர்மானம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் வழியாகப் போன சங்கரன்கோவில் பஸ்ஸின் டிரைவரிடம் ஒரு பிள்ளை இருந்தது, அவர் தினமும் பஸ்ஸை நிறுத்தி, இருக்கு இருக்கு என்று கையைக் காட்டிவிட்டுப் போவார், எந்தப் பிள்ளை என்று கேட்டால் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நழுவிவிடுவார்.

பங்குனி வாக்கில் பட்டியல் முடிந்தபோது முந்நூற்றுப் பதினேழு எண்கள் காலியாக இருந்தன. அத்தனையும் நட்சத்திரம் போட்டவை. ஊரில் சில பேர், எனக்கு ஒன்றும் வரவில்லை என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர்களை நாங்கள் பாக்கியசாலிகள் என்று கேலி செய்தோம். வடிவக்கா வீடு வீடாகப் போய்க் கேட்டாள், எண்ணைச் சொல்லியே கேட்டாள். எல்லோரும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள். அவள் அவை எந்திரத்தோடேயே போய்விட்டன என்று நினைத்தாள், நினைத்ததை யாரிடமும் சொல்லாமல் பட்டியலில் அந்த ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தாள். என்ன அக்கா அது என்று கேட்டதற்கு, சும்மா என்றாள்.

வைகாசியில் தென்காசியிலிருந்து செய்யதலி வந்தார். மாடியில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர், ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊருக்கு வந்த இடத்தில் யாரோ ஒப்பிப்பதைக் கேட்டு, அடுத்த வாரம் ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கினார். பெரிய கம்பெனிகள் கேட்ட கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. கட்டங்கள் என்னென்ன என்று மட்டும் கேட்டு, புதிதாக ஒரு டேட்டாபேஸ் எழுதி, அதைச் சேமித்து வைக்க மூன்று ஊர்களில் மூன்று இடங்கள் ஏற்பாடு செய்தார். அடிப்பதற்கு அவர் உட்கார்ந்தபோது கொக்கியும் சுழியும்தான் வந்தது. வடிவக்கா உட்கார்ந்தபோது நல்ல தமிழாக வந்தது. முப்பது வருஷமாக அந்த எழுத்தோடு பழகின விரல்களுக்கு அது கட்டுப்பட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

பிறகு தினமும் காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை நூறு, நூற்றிருபது பேர். வந்து உட்கார்ந்து, ஒப்பித்து, அவள் அடித்துத் திருப்பி வாசித்து முடித்ததும் அது எந்திரத்துக்குள் போய்விடும், அவர்கள் எழுந்து போவார்கள். சிலர் தலைச்சுமை இறங்கினது மாதிரி விசிலடித்துக்கொண்டு போனார்கள். சிலர் வாசலுக்கு வந்ததும் எதையோ தேடுகிறவர்கள் போல நின்றார்கள். அந்த டீச்சர் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, அந்த இரண்டு கிலோ தொள்ளாயிரத்தை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். என் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் என்னைவிட்டுப் போன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரட்டாசி முதல் வாரம் பதினோராயிரத்து நூற்று நாற்பத்தைந்து முடிந்தது. முடிந்த அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஆவுடைத்தங்கம், கூடையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலன்னு சொன்னது பொய் வடிவக்கா. எங்கிட்ட ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. வீட்டுக்குப் போன தேதியில ஒண்ணுமில்ல. ஆறு மணி நேரம்தான் இருந்திருக்கு. பெத்தவ எங்க தெருவுலதான் இருக்கா, அவ காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான் வாயத் தெறக்காம இருந்தேன்."

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. முந்நூற்றுப் பதினேழு பேர், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளாமல், அதே காரணத்துக்காக மறைத்து வைத்திருக்கிறார்கள். வம்பு பேசியே பொழுதைப் போக்குகிற ஊர் இது. எங்களுக்கே எங்கள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வடிவக்கா அந்தப் பெண் பிள்ளையை அடித்து, சேமிக்கப் போனபோது எந்திரம் ஏற்கவில்லை. செய்யதலியைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இது சேமிக்காது அக்கா, நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றார். மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, முடியும், ஆனால் நாளைக்கு இதை வேறு ஒரு எந்திரத்துக்கு மாற்றும்போது பேரில்லாததையெல்லாம் அது குப்பை என்று கழித்துவிடும், இந்தக் காலத்து எந்திரம் எல்லாமே அப்படித்தான் என்றார். நட்சத்திரத்துக்கும் புதியதில் இடமில்லை. ஒன்று முழுசாக உள்ளே வர வேண்டும், இல்லை வெளியே போக வேண்டும்.

அன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. வடிவக்கா எழுந்து நின்று, நட்சத்திரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து ஆளுக்கு ஒரு பேர் சொல்ல வேண்டும் என்றாள். கோயில் தர்மகர்த்தா அம்பலவாணன்தான் முதலில் பேசினார்.

"பதினாறு கழியாத பிள்ளைக்குப் பேர் விடுத வழக்கம் நம்மள்ல கெடையாது வடிவு. பேர் விட்டா அது வீட்டச் சுத்திச் சுத்தி வரும்னு பெரியவங்க சொல்லுவாங்க."

"வந்தா வரட்டும் அண்ணாச்சி," என்றாள் வடிவக்கா. "முப்பது வருசம் கழிஞ்சிருக்கு. பதினாறு நாளா கழியல?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது, எங்கள் ஊர்க் கூட்டங்கள் அப்படித்தான் கலையும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு பெண்கள் நின்றார்கள். மூன்றாவதாக நின்றது அம்பலவாணன் மனைவி, அவர் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு அடுத்த நாள் வரிசை தபாலாபீஸ் வரை போனது. ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் இத்தனை நாள் வைத்திருந்தவர், நடுவில் வடிவக்கா. வைத்திருந்தவர் ஒப்பிப்பார், தாய் பேர் சொல்வாள். சிலர் யோசிக்கவே இல்லை, எத்தனையோ வருஷமாக நாக்கின் நுனியில் வைத்திருந்ததைச் சொன்னார்கள். அப்போது பிரபலமாக இருந்த சினிமா நடிகை பேரைச் சொல்லிவிட்டு ஒருத்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். தாய் இல்லாதவற்றுக்கு வைத்திருந்தவர்களே பேர் விட்டார்கள். சங்கரன்கோவில் பஸ் டிரைவர் பயணிகளைப் பத்து நிமிஷம் காக்க வைத்துவிட்டு இறங்கி வந்து, தன் தகப்பனார் பேரைக் கொடுத்துவிட்டுப் போனார், பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பேர் சொன்ன ஒவ்வொரு தாயின் கையையும் வடிவக்கா பிடித்துக்கொண்டாள். அவளையும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவளாக நினைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு வருஷமாகிவிட்டது, தவிர அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

முந்நூற்றுப் பதினாறு முடிந்தது. இரண்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்று வரவில்லை. அவளுக்கு அந்த வரி மனப்பாடம், யாரும் ஒப்பிக்க வேண்டியதில்லை. தானே அடித்துக்கொள்ளலாமே என்று செய்யதலி ஜாடையாகச் சொன்னபோது, தாய் சொல்வதை வைத்து நான் அடிக்கிறதில்லை என்று அவரிடமும் அதையே சொன்னாள்.

புரட்டாசி கடைசி நாள். வாங்கியவரின் ஆட்கள் லாரியோடு வந்து, மேஜை நாற்காலிகளை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மாவு மில் வெயிலுமுத்து, தலையும் புருவமும் மாவில் வெளுத்து, வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், மில்லிலேயே சமைத்து மில்லிலேயே படுக்கிறவர். அவரிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை, மில் ஓடும்போது பேசினாலும் கேட்காது.

"நான் கொடுக்க வரலக்கா, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார். "எங்கிட்டதான் இருக்கு. உங்க பேரும் கோயில்பிச்சை அண்ணாச்சி பேரும் இருக்குல்லா, வந்த அன்னைக்கே தெரியும். மூணு தடவ இந்த வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

வடிவக்கா ஏன் என்று கையால் கேட்டாள்.

"சொல்லிட்டா எங்கிட்ட இருந்து போயிரும்லாக்கா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு தப்பு வேற பண்ணிட்டேன். பேர் வச்சிட்டேன். பெத்தவ நீங்க இருக்க, நான் யாரு வைக்கதுக்கு? தனியாக் கெடக்கேனா, அது கூடப் பேசிக்கிட்டுக் கெடந்தேன். என்னன்னு கூப்பிட? மாவு கொட்டுறதப் பாத்துக்கிட்டே இருந்தப்ப வாயில வந்துட்டு."

"என்ன பேரு?"

"பூமாரி."

முப்பது வருஷத்தில் தன் பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கக்கூடும் என்று வடிவக்கா ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. ஊர் முழுக்கப் பேர் கேட்டு அடித்தவளுக்குத் தன்னுடையது என்று வரும்போது மனம் அந்தக் காலிக் கட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அவள் அந்தப் பேரை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு வெயிலுமுத்துவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"வாயத் தெறக்காதீங்க," என்றாள். "நான் அடிக்கேன். நீங்க திரையப் பாருங்க. சரியா இருந்தா தலைய ஆட்டுங்க, தப்புன்னா கையக் காட்டுங்க. ஒரு வார்த்த பேசக் கூடாது."

வெயிலுமுத்து உதட்டை இறுக்கிக்கொண்டார்.

பெயர்க் கட்டத்தில் பூமாரி என்று அடித்தாள். பெண் என்று அடித்தாள், அவர் தலையாட்டினார். எடை, இரண்டு கிலோ நானூறு, தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை. தாய் பேர். தகப்பன் பேர். லாரி ஆட்கள் மேஜையைக் கேட்டு வந்தவர்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமலே, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். பிறந்த நேரம், காலை பதினொன்று நாற்பது என்று அடித்தபோது வெயிலுமுத்து கையைக் காட்டினார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பதினொன்று நாற்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து என்று மாற்றினாள், கையைக் காட்டினார். முப்பத்தைந்து என்றாள், கையைக் காட்டினார். முப்பது. இருபத்தைந்து. இருபது. பதினைந்து என்று வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவள் நினைத்திருந்ததைவிட இருபத்தைந்து நிமிஷம் கூடுதலாகப் பூமாரி இந்த ஊரில் இருந்திருக்கிறாள். வடிவக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த இருபத்தைந்து நிமிஷத்துக்காக, எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். எந்திரம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. வெயிலுமுத்து நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார், பிறகு இருக்கு என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பேசினால் எங்கே போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் இருக்கிற பிள்ளை அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, வடிவக்கா நேராக வீட்டுக்குப் போகவில்லை. மில் இருக்கிற தெருவுக்குள் திரும்பினாள். யாருடையதோ பச்சரிசி ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் ஆடுகிற சத்தத்தில் தெருவே அதிர்ந்தது, அவள் வந்து நிற்பது உள்ளே தெரியவில்லை. சாக்கைத் தூக்கிக் கொட்டியபடி வெயிலுமுத்து அந்தச் சத்தத்துக்கு மேலாக, பூமாரி, இந்தா முடிஞ்சிட்டு, இன்னும் ஒரு மூட்டைதான் என்று கத்திச் சொன்னார். தன் பிள்ளையை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதை வடிவக்கா அன்றைக்குத்தான் கேட்டாள்.